பெத்த வயிறு

"எனக்குப் பசிக்கலைப்பா, நீ சாப்பிடு" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் வயிறு ஒன்று கடமுடவென்று உருண்டது.

படப்பிடிப்புத் தளத்தில் அதை முதலில் கேட்டவர் ஒலிப்பதிவாளர். யூனிட்டில் அவருக்குப் பெயரே காது. பக்கத்துக் கட்டடத்தில் மின்விசிறி ஓடினாலும் ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்கிறவர்.

ஆறு டேக் வீணாகி ஏழாவது நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. காது மனசில்லாமல்தான் கையைத் தூக்கினார்.

என்ன சத்தம் என்று கேட்டார் இயக்குநர். வயிறு என்றார் காது. யார் வயிறு என்று இயக்குநர் கேட்ட தோரணையில், கண்டுபிடித்ததும் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் போலிருந்தது. காலையில் தும்மிய குற்றத்துக்காக ஒரு லைட்மேன் இன்னமும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

காட்சியில் இருந்தது இரண்டே பேர். ஏழைத் தாயும், கல்லூரியில் படிக்கும் மகனும். தனக்குப் பசியில்லை என்று பொய் சொல்லி, கடைசிக் கவளத்தை அம்மா மகனுக்கு ஊட்ட வேண்டும். மகனாக நடிக்கும் கதாநாயகனுக்கு வயது நாற்பத்தொன்பது. அம்மாவுக்கு நாற்பத்தாறு. காதோரம் கொஞ்சம் வெள்ளை அடித்தால் கணக்கு நேராகிவிடும் என்பது சினிமாவின் நம்பிக்கை.

அந்த நடிகை இருபது வருஷமாக அம்மாதான். தயாரிப்பாளர் முதல் டீ கொடுப்பவர் வரைக்கும் அவர் அம்மா. வெள்ளத்திலும் தீயிலும் வில்லன் கையிலும் எத்தனையோ மகன்களுக்காகச் செத்துப் பிழைத்தவர்.

"என் வயிறுதான் சார், மன்னிச்சுக்குங்க" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

தளமே சிரித்தது. கதாநாயகன் மட்டும் சிரிக்கவில்லை. கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டார் காது.

இயக்குநர் திட்டவில்லை. மானிட்டரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். நின்றபோது அவர் கண் கலங்கியிருந்தது.

வாய் பசியில்லை என்கிறது, வயிறு பசிக்கிறது என்கிறது, இதைவிடத் தாய்மையை எவன் எழுதிவிட முடியும் என்று ஆரம்பித்தார். பெத்த வயிறு, பெத்த வயிறு என்று நாலு தரம் சொன்னார். பாத்திரத்துக்காக அம்மா பட்டினி கிடந்திருக்கிறார் என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

எல்லாரும் தட்டினார்கள். கதாநாயகனும் தட்டினார். அவர் கைகளிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை என்பது காதுக்குத் தெரிந்தது.

வினை அதற்குப் பிறகு வந்தது. அதே சத்தம் குளோசப்பிலும் வேண்டும் என்றார் இயக்குநர்.

ஏற்கெனவே பதிவானதை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று காது சொல்லிப் பார்த்தார். ஒட்டுப்போட்ட தாய்மை தனக்கு வேண்டாம் என்றுவிட்டார் இயக்குநர். கேட்ட நேரத்துக்குக் குரல் கொடுக்க வயிறு என்ன கோரஸ் பாடகியா? காது பரிதாபத்தோடு அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. சோறு ஆறிவிட்டது, சுடச்சுட வேறு வேண்டும் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கேமரா ஓடியது.

ஆவி பறக்கப் பிசைந்தார். ஒரு கவளம் உருட்டினார். அதை மகனின் முகத்தருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார்.

மூக்குக்கும் கவளத்துக்கும் நாலு விரல் இடைவெளி.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. அந்த நிதானத்தைப் பார்த்து இயக்குநர் மானிட்டரை ஒட்டிக் குனிந்தார். மகனின் கண்ணில் நீர் திரண்டது. கிளிசரின் இல்லாமல் அந்தக் கண் கலங்கி காது பார்த்ததே இல்லை.

பசிக்கலைப்பா என்றார் அம்மா.

கடமுட. முன்னதைவிட நீளமாக, ஏறி இறங்கி, கடைசியில் ஒரு சின்ன முனகலோடு.

அம்மா கவளத்தை மகன் வாயில் வைத்தார். கட் என்று கத்திக்கொண்டே ஓடிய இயக்குநர், அம்மாவின் காலில் விழாத குறை. சாப்பாட்டு இடைவேளை என்று அறிவித்தார்கள்.

தளம் காலியான பிறகு, பதிவைச் சரிபார்க்கக் காது மட்டும் உட்கார்ந்தார். நடிகர்கள் இருவரின் உடையிலும் ஆளுக்கொரு சின்ன மைக். தனித்தனியாகவே பதிவாகும். அம்மாவின் மைக்கை மட்டும் ஓடவிட்டார்.

மூச்சு இருந்தது. வளையல் இருந்தது. வசனம் இருந்தது. வயிறு இல்லை.

திரும்பப் போட்டார். உன்னிப்பாகத் தேடியதில் அடக்கிக்கொண்ட ஏப்பம் ஒன்றுதான் கிடைத்தது.

மகனின் மைக்கைத் திறந்தார். பசி காதை அடைத்தது.

நாளை மறுநாள் சட்டையில்லாமல் சண்டைக் காட்சி. அதற்காக இரண்டு நாளாக வெறும் தண்ணீரும் வெள்ளரிப் பிஞ்சும். ஊட்டுகிற கவளத்தைக் கூட, கட் சொன்ன கையோடு அவருடைய உடற்பயிற்சி ட்ரெய்னர் நீட்டும் காகிதத்தில் துப்பிவிட வேண்டும். இது தளத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வயிறு என்றதும் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

காது மறுபடி அம்மாவின் மைக்குக்கு வந்தார். கட் என்ற கத்தல். ஓடி வரும் காலடிகள். அவற்றுக்கு அடியில், மைக் இருப்பதையே மறந்துவிட்ட ஒரு கிசுகிசுப்பு.

"முழுங்கிடுங்க சார். நான் மறைச்சு நிக்கிறேன்."

அடுத்து, மகனின் மைக்கில், அவசரமாக ஒரு விழுங்கல்.

காது ஹெட்போனைக் கழற்றி வைத்தார். பென்சிலை எடுத்து ஒலிப்பதிவுத் தாளில் குண்டு குண்டாக எழுதினார்: அம்மா வயிறு, ஓகே.