இரண்டு மில்லிமீற்றர்

மார்த்தாவின் கீழிமைகள் இரண்டிலும் ஒவ்வொரு கடதாசித் துண்டு கொழுவியிருந்தது. தீக்குச்சியைவிடக் கொஞ்சம் அகலம். ஒன்று முதல் முப்பத்தைந்து வரை அதில் மில்லிமீற்றர்க் கோடு போட்டிருந்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் கண்ணீர் ஊறி அந்தக் கடதாசியில் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. நல்ல கண் என்றால் பதினைந்தாவது கோட்டுக்காவது வரும் என்று டொக்டர் அக்கீலா சொல்லியிருந்தார்.

வரட்டும், வரட்டும் என்று அந்தோனியாரை மன்றாடிக்கொண்டு எதிர்க் கதிரையில் இருந்தான் அவள் புருசனின் தமையன் அன்ரனிப்பிள்ளை.

கண்ணீர் வந்தால் அவள் சொன்னது பொய், பிள்ளை அவன் வீட்டில் இருக்கும். வராவிட்டால் இன்றைக்கே தாயோடு அனுப்பிவிட வேண்டும். கண்டக்குழிக் கோயிலில் பங்குச் சுவாமி அப்படித்தான் தீர்த்துவைத்தார். ஊர் ஆட்களுக்கு முன்னால் அவனும் பெரிய மனுசன் போலத் தலையாட்டிவிட்டான்.

பிள்ளை யூஜினிக்கு ஐந்து வயது. வெளியே திரீவீலில் அவன் மனைவியின் மடியில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தாள். பிள்ளை பிறக்காத அந்த வீட்டில் இரண்டு கிழமையாகத்தான் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அதைக் கைவிட அவனுக்கு மனம் இல்லை.

தம்பி கிளைட்டன் கடலுக்குப் போய் மூன்றாம் நாள் ஊதிப்போய்க் கரையொதுங்கினான். சவப்பெட்டி வீட்டுக்கு வந்தபோது ஊரே குழறி அழுதது. பெண்சாதி மட்டும் சுவரோடு சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

தனக்குக் கண்ணில் தண்ணீர் வருவதில்லை என்றாள். இப்படி ஒரு கேடுகெட்ட பொய்யை அன்ரனிப்பிள்ளை தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

மயிரைப் பிடித்து இழுத்துப்போய் அவள் முகத்தைப் பெட்டியில் மோதினான். உதடு கிழிந்தது. விழுந்தவளை விலாவில் உதைத்தான். இரத்தம்தான் வந்தது. கொன்றவளுக்கு எப்படி அழுகை வரும் என்று கேட்டான். சுற்றி நின்றவர்களும் அதையே கேட்கத் தொடங்கினார்கள்.

அந்த உதட்டுத் தையலை இன்னும் பிரிக்கவில்லை.

இரண்டு நிமிடம் போனது. கடதாசி வெள்ளையாகவே இருந்தது.

டொக்டர் கை கழுவத் திரும்பினார். அன்ரனிப்பிள்ளை சத்தமில்லாமல் எழும்பினான். சப்பாத்துக் குதியை மார்த்தாவின் வெறுங்கால் விரல்களின் மேல் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கித் திருகினான்.

சின்னவிரல் நகம் பிளந்தது அவன் குதிக்கே தெரிந்தது.

அவள் கத்தவில்லை. கதிரைக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கடதாசியை மட்டும் பார்த்தான். ஈரம் ஒரு கோடாவது இறங்கியதா என்றால், அதுவும் இல்லை.

மணி அடித்தது. டொக்டர் கடதாசிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வலது கண் இரண்டு மில்லிமீற்றர். இடது கண்ணில் அதுவும் இல்லை.

பிறகு கீழிமையை இழுத்துக் காட்டினார். இமையும் கண்ணும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் வெள்ளைத் தழும்பாக இருந்தது. இது சுண்ணாம்பு சுட்ட கண், கண்ணீர் வருகிற வழியெல்லாம் வெந்து மூடிவிட்டது என்றார். எப்படிப் பட்டது என்று கேட்டார்.

அன்ரனிப்பிள்ளை முந்திக்கொண்டான். மூன்று வருசத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் சொன்ன கதைதான். தானும் தம்பியும் இறால் குளம் வைத்திருந்தது, இறால் பிடித்து முடிந்ததும் வற்றவிட்ட குளத்துக்குச் சுண்ணாம்பு தூவியது, காற்றுக்குப் பறந்து இவள் கண்ணில் விழுந்தது, வாய்க்கால் உப்புத் தண்ணீரில் உடனே கழுவிவிட்டது. கண் சிவந்து ஒரு கிழமையில் மாறிவிட்டதென்றே அவன் இத்தனை நாளும் நம்பியிருந்தான்.

மார்த்தா குனிந்து, கால்விரல் இரத்தத்தைப் பாவாடை விளிம்பால் துடைத்தாள்.

"கொட்டினவர் செத்துப்போனார், டொக்டர். என்ர கைய முறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர் இந்தா நிக்கிறார்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே போனாள். திரீவீலில் இருந்து பிள்ளை அம்மா என்று கூப்பிட்டது உள்ளே கேட்டது.

அன்ரனிப்பிள்ளைக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. சுண்ணாம்பு தூவிய அன்று நல்ல வெயில். புருசன் அடித்த அடி தாங்காமல் இவள் குளக்கட்டில் நின்று வாய்விட்டு அழுதாள். பக்கத்துக் குளத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மானம் போகிறது என்று கிளைட்டன் சுண்ணாம்பு மூட்டைக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளிக்கொண்டு வந்தான்.

"இனி நீ எவன்ட செத்தவீட்டிலயும் அழமாட்டாய்" என்றான்.

அவள் கைகளை இறுக்கிப் பிடித்தபடி, அதற்கு அன்ரனிப்பிள்ளை சிரித்தான்.