இரண்டு கோப்பைக்குக் காசு கொடுத்த தளபதி

ஐந்நூறு கோடி பிராங்க்.

போரில் தோற்ற பிரான்ஸ் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் புருசியா என்ற ஜெர்மன் நாட்டுக்குக் கட்ட வேண்டியிருந்த காசு அது. அந்த ஒரு வரியை விரல் வைத்து வாசித்து முடிக்க மரியரட்ணத்துக்கு முழுதாக ஒரு நிமிடம் பிடித்தது. அறுபத்திரண்டு வயது. கோப்பை கழுவிக் கழுவி வெடித்துப்போன விரல்.

பாரிசில், ரூ பஜோல் தெருவில் ஒரு சங்கத்தின் பின்னறை. சனிக்கிழமை காலை. வளர்ந்த ஆட்கள் எட்டுப் பேர் அங்கே பிரெஞ்சு எழுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

படிப்பிக்கிற ஷார்லோத் பென்சன் எடுத்த ஆசிரியை. அன்றைக்கு அவர் கொண்டுவந்த தாளில் ஒரு புருசியத் தளபதியின் சீவியம் இருந்தது. ஆளுக்கொரு வரி வாசிக்க வேண்டும்.

பதினேழு வயதில் குதிரைப்படை. பிறகு அரசனுக்குப் பக்கத்திலேயே உத்தியோகம். தலை நரைத்த பிறகு மூன்று போர்கள், மூன்றிலும் வெற்றி, நெஞ்சு நிறையப் பதக்கம். அதற்குப் பிறகு, அந்த ஐந்நூறு கோடியும் கட்டி முடியும்வரை பிரான்சில் குந்தியிருந்த படைக்கு அவனே தலைவன்.

அவன் தங்கியிருந்தது ஷார்லோத்தின் பூட்டியைப் பெற்றவளின் வீட்டில்.

மிகவும் ஒழுங்கான மனிதனாம். வந்த அன்றே வீட்டுச் சாமான்களையெல்லாம் பட்டியல் எழுதுவித்தான். கடைசித் தவணையும் கட்டியாகி, படை புறப்பட்ட அன்று, பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். உடைந்திருந்த இரண்டு கோப்பைக்கு மேசையில் காசு வைத்துவிட்டுப் போனான்.

"அருமையான மனுசன். எங்கட முதலாளி எண்டால் உடைச்ச கோப்பைக்கு எங்கட சம்பளத்தில எல்லோ பிடிப்பான்!" என்றான் உதயன். மரியரட்ணத்தோடு ஒரே உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறவன். தமிழில் சொன்னதைத் திருப்பிப் பிரெஞ்சிலும் சொன்னான். வகுப்பே சிரித்தது.

ஷார்லோத் சிரிக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் வீட்டுக்காரி தன் சொந்த வீட்டிலேயே சாமான் அறையில் படுத்தாள், அது எந்தப் பட்டியலிலும் இல்லை என்றார். பிறகு கேட்டார்: உங்களில் யாருடைய வீட்டிலாவது படை இருந்ததா?

உதயன் ஒரு கையைத் தூக்கி, மற்றக் கையால் மரியரட்ணத்தைக் காட்டினான்.

"இவற்றை வீட்டில, மதாம். யாழ்ப்பாணத்தில. ஆமி பதினைஞ்சு வருசம் இருந்தது."

எல்லாத் தலையும் மரியரட்ணத்தின் பக்கம் திரும்பியது. ஷார்லோத்தின் கண் கலங்கிவிட்டது. தளபதியின் தாளைப் போல இவருடைய வீட்டுக்கும் ஒரு தாள் எழுதுவோம், சங்கத்தின் புத்தகத்தில் இவருடைய பெயரோடு அச்சடிப்போம் என்றார்.

அச்சில் பெயர். மீன்பிடிக்கக் கடலுக்குப் போன காலத்தில் பெயரை எழுதவே தெரியாதவருக்கு.

மகள் சுஜானி வாசிப்பாள். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை அந்த வீட்டில் வளர்ந்தவள். எங்கட வீட்டை ஒருக்காப் பாக்கவேணும் என்று ஆவணிக்கு டிக்கெற்றும் எடுத்துவிட்டாள்.

அந்த வீடு முஸ்லிம்கள் குடியிருந்த சோனகதெருவில் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவேண்டும் என்று, அப்போது ஊரை ஆண்ட இயக்கம் சொன்னது. உடுத்த உடுப்போடு போனார்கள். குருநகரில் ஷெல்லடியில் வீட்டை இழந்து, மனைவி பிள்ளையோடு கோயில் விறாந்தையில் கிடந்த மரியரட்ணம், அவர்கள் போய் ஒரு மணித்தியாலம் ஆகுமுன்னரே அந்தத் தெருவுக்குள் போனார். காசிம் நானாவின் கதவு திறந்து கிடந்தது.

காசிம் நானா தையற்காரர். மரியரட்ணத்தின் கலியாணச் சட்டை அவர் தைத்தது.

ஐந்து வருடம் அங்கே இருந்தார். தொண்ணூற்றைந்தில் ஆமி வர, அவரும் ஓடினார். பாரிசுக்கு வந்து, என்ர வீட்டை ஆமி பிடிச்சிட்டான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். மகளுக்கும் அதையேதான் சொன்னார்.

"உதயன்," என்றார் மெதுவாக. "அது என்ர வீடில்லை எண்டு அவவுக்குச் சொல்லு."

உதயனுக்குத் தெரியாத கதையில்லை.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? காசிம் நானா அகதியாய்ப் புத்தளத்தில செத்தே எத்தினை வருசம். இனி ஆர் வந்து உங்களைக் கேக்கப்போறான்? பேசாமல் இருங்கோ."

ஷார்லோத் பலகையில் மரியரட்ணத்தின் பெயரைப் பெரிதாக எழுதினார். கீழே, 'என் வீடு' என்று எழுதினார். படை வந்த அன்று அங்கே என்னென்ன இருந்தது, முதலாவது பொருளைச் சொல்லுங்கள் என்றார்.

மரியரட்ணம் பலகையைப் பார்த்தார். வீட்டுக்காரி யாரென்றே தெரியாமல்தான் அந்தத் தளபதி அவளுடைய வீட்டுக்குள் வந்தான். இவருக்கு வீட்டுக்காரரைத் தெரியும்.

அவர் உதயனைப் பார்க்கவில்லை. தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லை வைத்துக்கொண்டு தானே தொடங்கினார்.

"ஆமி வந்த அண்டைக்கு இல்லை, மதாம். நான் வந்த அண்டைக்கு. அது காசிம் எண்ட தையற்காரற்றை வீடு. அவையைக் கலைச்சுப்போட்டாங்கள். அடுப்பில அவற்றை மனுசி வைச்ச சோறு இருந்தது."

ஷார்லோத்தின் கை பலகையிலேயே நின்றுவிட்டது. திரும்பாமலே, அந்தச் சோற்றுக்கு என்ன ஆனது என்று கேட்டார்.

"சூடாய் இருந்தது," என்றார் மரியரட்ணம். "மூண்டு பேரும் இருந்து சாப்பிட்டனாங்கள்."