ஆடுகளத்து வாசல்

“வெக்கமா இல்ல உனக்கு? போடி அந்தப் பக்கம்!”

ஸ்கெம்போர் மூங்கில் கழியைக் குறுக்கே நீட்டி வழியை மறித்தார். மஞ்சள் பட்டும் பவள மாலையும் வெள்ளிக் கிரீடமுமாக நின்ற தாபிஷா ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அறுவடைக்கு நன்றி சொல்லும் ஆட்டத்தின் மூன்றாம் நாள். வாளேந்திய ஆண்கள் வெளிவட்டத்தில் காவலாகச் சுற்றிவர, நடுவே பெண்கள் தலை நிமிராமல் அடிமேல் அடி வைத்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நடுவட்டத்தில் கல்யாணமாகாதவள் மட்டும்தான் கால் வைக்கலாம்.

இருபது வருஷமாக அந்த வாசலில் நிற்பவர் ஸ்கெம்போர். ஒவ்வொரு பெண்ணையும் மைக்கில் குலப்பெயர் சொல்லி அழைத்து உள்ளே விடுவது அவர் வேலை. அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த ஊரில் இன்னொரு சாட்சியை யாரும் தேடியதில்லை.

“எதுக்கு மாமா தடுக்கிறீங்க?” என்றாள் தாபிஷா.

“எதுக்குன்னு உனக்குத் தெரியாது?”

“தெரியாது. நீங்க சொல்லுங்க.”

வரிசையில் மகளோடு நின்ற ஒரு அம்மாள் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு கத்தினாள். “என்ன பா ஸ்கெம்போர், புள்ளைங்க வெறுங்காலோட எவ்ளோ நேரம் வெயில்ல நிக்கும்? அவளத்தான் உள்ள விடுங்களேன்!”

“நீங்க சும்மா இருங்கம்மா! இவ லட்சணத்தைப் பாருங்க. செருப்பைக்கூடக் கழட்டாம வந்து நிக்கிறா. ஆட வந்தவளா இவ?”

“செருப்பு கிடக்கட்டும் மாமா. காரணத்தைச் சொல்லுங்க.”

அவர் வாசல் கம்பத்தில் மாட்டியிருந்த மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். பற்களுக்கு நடுவிலிருந்து வந்தன வார்த்தைகள். “உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. பேசாம வீட்டுக்குப் போ.”

“கல்யாணமா? எனக்கா?” அவள் வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள். “யாரைக் கட்டிக்கிட்டேன்? எங்க? எப்போ?”

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஸ்கெம்போரின் கழுத்து நரம்பு புடைத்தது.

“எல்லாரும் பேசிக்கிறாங்க.”

“பேசிக்கிட்டா ஆச்சா? கண்ணால பார்த்தவங்க யாரு? ஒரே ஒருத்தரைக் காட்டுங்க. இல்லன்னா கழியை எடுங்க.”

“நியாயந்தானே!” வெற்றிலைக்கார அம்மாளுக்கும் இப்போது கோபம் வந்துவிட்டது. “என் பொண்ணை எவனாவது இப்படிச் சொல்லியிருந்தா நாக்கை அறுத்திருப்பேன். சாட்சி இருந்தா சொல்லுங்க பா, இல்லன்னா அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க!”

“ஆமா, சொல்லுங்க!” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும் குரல்கள் கிளம்பின. தலைப்பாகை கட்டிய இரண்டு இளைஞர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். இருபது வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கேள்வி கேட்டதில்லை. அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“உங்க யாருக்கும் ஒரு மண்ணும் தெரியாது!” என்று சீறினார். “இவ கால் உள்ள பட்டுச்சுன்னா நம்ம சொன்ன நன்றி அத்தனையும் பாழ். நாளைக்கு எந்த மூஞ்சியோட விதைநெல்லைத் தொடுவீங்க?”

“அப்படின்னா சாட்சியைச் சொல்லுங்க.” தாபிஷா கழியை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தினாள். அது அவர் இடுப்புக்கு இறங்கியது. பிறகு முழங்காலுக்கு. “இல்லையா? விலகுங்க.”

அவள் ஒரு காலைத் தூக்கினாள்.

ஸ்கெம்போருக்கு உள்ளே ஏதோ அறுந்தது. மைக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“நான் பார்த்தேண்டி! நான்! ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, உங்க அம்மா வீட்டுல, என் அக்கா மகன் லும்லாங்குக்கு உன்னைக் கட்டி வெச்சதே நான்தான்! ரெண்டு வீட்டுக் குடுவை மதுவையும் ஒண்ணா ஊத்திக் கல்யாணத்தை முடிச்சு வெச்சது இந்தக் கை! போதுமா சாட்சி?”

பைன் மரங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அத்தனையும் அதைக் குன்று முழுக்கச் சொல்லின. முரசடிப்பவரின் கை நின்றது. குழல் நின்றது. வட்டத்தில் இருந்த பெண்கள்கூடத் தலை நிமிர்ந்தார்கள்.

“லும்லாங்கா?” வெற்றிலைக்கார அம்மாள் வாய் பிளந்தாள். “அவனுக்கு அடுத்த வாரம் பக்கத்து ஊர்ப் பொண்ணோட கல்யாணமாச்சே!”

தாபிஷா தூக்கிய காலை வெளியிலேயே வைத்தாள். கழியை விட்டுவிட்டு ஓரடி பின்னால் வந்தாள். ஸ்கெம்போர் மைக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிவப்பு மெல்ல வடிந்துகொண்டிருந்தது.

பந்தலில் உட்கார்ந்திருந்த ஊர்த் தலைவர் எழுந்து வாசலுக்கு வந்தார். அவரைப் பார்த்துத்தான் தாபிஷா பேசினாள்.

“தலைவரே, போன மாசம் உங்க சபையில, ‘அப்படி ஒரு கல்யாணமே நடக்கல’ன்னு சத்தியம் பண்ணவரும் இவருதான்.”