கூறு போட்ட களிம்பு

புண் ஆறிக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஏன் டாக்டரம்மாவின் முகம் அப்படிச் சுண்டிப்போனது?

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு ஆண்கள். ஆளுக்கொரு குதிகால் ஸ்டூலின் மேல். ஒன்று அவள் புருஷனுடையது. டவுன் பஸ் ஓட்டிய கால். சர்க்கரை வியாதியில் ஒரு விரலைப் போன வருடமே எடுத்தாயிற்று. இந்தப் புண்ணும் ஆறாவிட்டால் கணுக்காலோடு எடுக்க வேண்டிவரும் என்று சொல்லித்தான் இந்த ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள்.

மற்றது மைமூன் அக்காவின் வீட்டுக்காரருடையது. அவருக்கும் அதே புண், அதே பயம்.

டாக்டரம்மா இந்தக் காலைப் பார்த்தார். அந்தக் காலைப் பார்த்தார். மறுபடி இந்தக் காலுக்கு வந்தார். பிறகு அருகில் நின்ற சின்ன டாக்டரிடம் திரும்பினார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணு போலவே ஆறுது. எல்லாருக்கும் இப்படியே ஆச்சுன்னா, மருந்து போட்டாலும் போடாட்டாலும் ஒண்ணுதான்னு முடிவாயிரும். அப்புறம் இதைக் கைவிட வேண்டியதுதான்."

அவள் மைமூன் அக்காவைப் பார்த்தாள்.

மைமூன் அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மருந்துச் சோதனையில் சேர்க்கும்போதே டாக்டரம்மா எல்லாவற்றையும் விளக்கமாகத்தான் சொன்னார். இது புது மருந்து. கேட்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு மருந்து கலந்த களிம்பு, பாதிப் பேருக்கு வெறும் களிம்பு. டப்பா, நிறம், வாடை எல்லாம் ஒன்றுதான். வழக்கமான ஊசியும் மாத்திரையும் எல்லாருக்கும் உண்டு. யாருக்கு எந்தக் களிம்பு என்று தனக்கும் தெரியாது என்றார்.

அங்கேதான் அவளுக்கு இடித்தது. கொடுக்கிறவருக்கே தெரியாதாம். படித்தவர்கள் பேசுகிற பேச்சா இது? இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் அவளிடம் தெரியாது என்று சொன்னதில்லை. தெரியாதபோதும் சொன்னதில்லை.

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக மைமூன் அக்கா தன் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் இருவருக்கும் பழக்கம்.

பண்டிகைக்கு நாலு வீடு சேர்ந்து ஆடு எடுத்தால் ஒரு வீட்டுக்குத் தொடை, ஒரு வீட்டுக்கு எலும்பு என்றா கொடுப்பார்கள்? எல்லாவற்றையும் கலந்துதான் கூறு போடுவார்கள். யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

அப்படித்தான் செய்தார்கள். டிபன் பாக்ஸில் இரண்டு களிம்பையும் கொட்டி, ஸ்பூனால் நன்றாகக் கலக்கி, மறுபடி இரண்டு டப்பாவிலும் சமமாக வழித்துப் போட்டார்கள். புது டப்பா வாங்கும்போதெல்லாம் அதே வேலை. ஆண்களிடம் மூச்சு விடவில்லை. வீட்டில் கட்டுப் போடுகிறவர்கள் இவர்கள்தானே.

அவ்வளவு நியாயமான காரியத்தை அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

இப்போது, உள்ளே ஆண்களுக்குக் கட்டு மாற்றி முடிக்கும்வரை வராந்தாவில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

ஒன்று மருந்து, ஒன்று வெறும் களிம்பு என்றால், பாதி மருந்தே இவ்வளவு ஆற்றியிருக்கிறது. முழுசாகப் போட்டிருந்தால் இந்நேரம் ஒருவர் செருப்புப் போட்டு நடந்திருப்பார்.

யார்?

இரண்டுமே மருந்தாக இருந்தால்? இரண்டுமே வெறும் களிம்பாக இருந்தால்? அப்படியானால் புண் எதனால் ஆறுகிறது?

மைமூன் அக்கா காதருகே குனிந்தாள்.

"வாயைத் திறக்காத புள்ள. சொன்னா டப்பாவ வாங்கி வச்சுக்குவாங்க. ஆறுற புண்ணு அப்படியே நின்னுபோச்சுன்னா?"

அவளுக்கும் அதே பயம்தான்.

எதிர் பெஞ்சில் புதிதாக ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து உட்கார்ந்தார்கள். அவன் காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருந்தது. அதையும் மீறி வாடை அடித்தது. அந்த வாடை அவளுக்குத் தெரியும்.

அந்தப் பெண் அவளைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, இங்க குடுக்கிற புது மருந்து நல்லாக் கேக்குதா?"

கேட்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. கேட்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

டாக்டருக்கே இன்னும் தெரியாத கேள்வி அது. தெரியவிடாமல் செய்துகொண்டிருப்பது தான்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எழுந்தாள்.

மைமூன் அக்கா முந்தானையைப் பிடித்தாள். அவள் நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"டாக்டரம்மா, நாங்க ரெண்டு பேரும் களிம்பக் கலந்துட்டோம்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். கையுறையை மெதுவாகக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். நாற்காலியிலிருந்த புருஷன் எதைக் கலந்தாள், யாரோடு கலந்தாள் என்று புரியாமல் விழித்தான்.

டாக்டரம்மா டப்பாவுக்காகக் கையை நீட்டினார்.

அவள் கொடுத்தாள். இனி இந்தக் காலுக்கு என்ன போடுவது?

"எப்ப இருந்து?" என்றார் டாக்டரம்மா.

அவள் மாதங்களை விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

"முத டப்பாவுல இருந்தே."

பதில் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

மைமூன் அக்கா கூடைப்பைக்குள் கையை விட்டுத் தன் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.