இரண்டு கட்டைவிரல்

கமலா எலக்ட்ரானிக்ஸ் கடைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து கம்பெனி டேப்பை எடுத்து, வலது கையின் நாலு விரலையும் சேர்த்துச் சுற்றினாள். இடது கையையும் அப்படியே, பல்லால் இழுத்து இழுத்து.

அவள் வேலை பார்க்கும் நாச்சாரம் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில், அட்டை விரலைக் கிழிக்காமலிருக்கச் சுற்றுகிற டேப்தான்.

கட்டைவிரல் இரண்டு மட்டும் வெளியே.

"எதுக்கும்மா இந்த சர்க்கஸ்?" கடைக்கார ஹர்ஷா சிரித்துவிட்டான். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். "மகனைக் கூட்டிட்டு வந்தா அவனே ஆடிப் பார்த்துக்குவானே."

"அவன் வர மாட்டான். நீ கேமைப் போடு தம்பி."

தசை நோயில் மகன் கௌஷிக்குக்குக் கால் அசையாமல் போய் மூன்று வருஷம். இப்போது கை. அடுத்தது மூச்சு என்றிருக்கிறார் டாக்டர். படுத்தபடி போனில் ஆடுவான். போன வாரம் அது நழுவி மூக்கிலேயே விழுந்து, தலையணையெல்லாம் ரத்தம். கம்ப்யூட்டர் என்றால் கையை மேஜைக்குத் தூக்க வேண்டும், பத்து விரலையும் பரப்ப வேண்டும்.

இந்த வீடியோ கேம் கன்ட்ரோலர் மடியில் கிடக்கும். படம் டிவியில் ஓடும்.

கட்டைவிரல் அவனுக்கு இன்னும் அசைகிறது.

கமலா மடியில் வைத்து அமுக்கினாள். கடை டிவியில் ரேஸ் கார் நகரவில்லை.

"ஆள்காட்டி விரலால பின்பக்கம் அழுத்தணும்மா. அதுதான் வேகம்."

அவள் டேப் சுற்றிய விரல்களைத் தூக்கிக் காட்டினாள். "அந்த விரல் இல்லைன்னு வச்சுக்கோ."

ஹர்ஷா சிரித்துக்கொண்டே திரையில் எதையோ மாற்றினான். வேகம் கட்டைவிரலுக்கு அடியில் வந்துவிட்டது.

கார் சீறிப் பாய்ந்தது. சுவரில் மோதியது. திரும்பி மறுபடி ஓடியது. கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கமலாவுக்குப் புடவையெல்லாம் வேர்வை.

"இதையே கட்டிக் குடு."

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கம்ப்யூட்டரா எடுங்க. விளையாடவும் ஆச்சு, படிக்கவும் ஆச்சு, நாளைக்கு ஒரு வேலைக்குன்னாலும் உதவும். இது விளையாட மட்டும்தான்."

காலையில் வீட்டுக்காரர் தேவராஜும் இதையேதான் சொன்னார். சொல்லி முடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நக்கோ தம்பி, வேண்டாம். விளையாடினாப் போதும்."

ஹர்ஷா பெட்டியைக் கட்டினான். "ஒரு வருஷம் கேரண்டி இருக்கு. கூடக் கொஞ்சம் போட்டீங்கன்னா மூணு வருஷம். பையன் போட்டு உடைச்சாலும் கவலையில்ல."

கமலா விரல் டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷத்துக்கும் குறைச்சலா, விலை இறங்கிக் கிடைக்குமாப்பா?"

இப்படி ஒரு பேரத்தை இதுவரை கேட்டதில்லை என்று அவன் உரக்கச் சிரித்தான்.

கமலா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.