சரிபாதி லட்டு

தட்டில் மிஞ்சியது ஒரு லட்டும் ஒரு கைமுறுக்கும்தான்.

"என் நடுவில் எந்தப் பக்கமாக அறுத்தாலும் இரண்டு பாதியும் கண்ணாடி பார்த்த மாதிரி இருக்கும். உன்னிடம் அப்படி அறுக்க ஓர் இடமாவது உண்டா, தம்பி?" என்றது லட்டு.

"தேடிப் பார்த்துவிட்டேன், அண்ணே. ஒன்றுகூட இல்லை" என்று முறுக்கு கூசிப்போனது.

வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் பங்குக்கு வந்து நின்றார்கள். அம்மா முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை எப்படி உடைத்தாலும் உங்களுக்குள் அடிதடிதான்" என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டு, லட்டின் நடுவே கத்தியை வைத்தாள்.

இரண்டு கைகளுக்குப் பிரிந்துபோன பாதிகளில் ஒன்று மற்றதைக் கேட்டது: "இம்மியாவது பிசகியதா?"

"இல்லவே இல்லை" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே அது வாய்க்குள் போனது.

டப்பாவுக்குள் முறுக்கு இன்னும் தன் கோணலை நினைத்து வருந்திக்கொண்டிருந்தது.