லொரேன் ஏறிய பட்டியல்

வாஷிங்டனில் புதிய அதிபர் ஒவ்வொரு இலாகாவுக்கும் தன் ஆளை அனுப்பினார். மெர்வின் வேலை பார்த்த இலாகாவுக்கு வந்தவன் கார்சன். வந்ததும் அதிபரின் உத்தரவு ஒன்றை எல்லாருக்கும் அனுப்பி, கொள்கை முடிவெடுக்கும் அதிகாரிகளின் பட்டியல் கேட்டான்.

மெர்வினின் பிரிவிலிருந்து அவனுடைய சக ஊழியை லொரேனின் பெயர் மட்டும் பட்டியலில் ஏறியது.

மெர்வினுக்கு வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருஷம் மாடாய் உழைத்தவன் அவன். நேராகக் கார்சனிடம் போனான்.

"சார், குடிநீர் விதிகள் மொத்தமும் நான் எழுதினது. அவ சும்மா எழுத்துப்பிழை பாத்தவ."

"முடிவெல்லாம் உங்களோடதா?"

"ஒவ்வொரு வரியும்!"

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டான். கார்சன் லொரேன் பெயரை அடித்துவிட்டு மெர்வின் பெயரை எழுதினான்.

மெர்வின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லொரேன் மேஜைக்குப் போனான்.

"உன் பேர எடுத்தாச்சு. இனிமே நான்தான்."

அவள் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

"நீ நல்லா இருப்பே! என் பேர எடுக்கச் சொல்லி ஒரு வாரமா கார்சன்கிட்ட கெஞ்சினேன். வேற யாராவது பொறுப்பேத்துக்கிட்டாதான் விடுவேன்னுட்டான்."

"ஏன் கெஞ்சினே?"

"அடப்பாவி, உத்தரவக் கடைசி வரைக்கும் படிக்கலையா? பட்டியல்ல இருக்கறவங்கள மட்டும் அதிபர் காரணமே சொல்லாம வீட்டுக்கு அனுப்பலாம்."